கனமான நங்கூரம் நல்ல நங்கூரமா?

தாம்பரத்து மாணவருக்கும் நங்கூரத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் ஏரிகள் உண்டு. கடல் கண்ணில் படுவதில்லை. ஆயினும் தாம்பரத்திலிருந்து கிழக்கே நேர்கோட்டில் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் சென்றால் வங்கக் கடல்தான். அக்கரையில் 2012 அக்டோபர் 31 அன்று நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நீலம் புயல் மாமல்லபுரத்தை நெருங்கிய அந்நாளில், சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற பிரதிபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பலை நங்கூரத்தால் பிடித்து நிறுத்த இயலவில்லை. காற்று அதனை இழுத்து வந்து பெசன்ட் நகர்க் கரையருகே தரைதட்ட வைத்தது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளுள் ஆறு பேர் மாண்டனர்.

அவ்விபத்துக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. அவற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. இங்கே நாம் பேசப்போவது அதைவிடப் பன்மடங்கு சிறிய பாய்மரப் படகைப் பற்றி. சென்னையிலிருந்து கரையோரமாகத் தெற்கே இராமேசுவரம் வரை உலாப் போகும் பத்து மீட்டர்ப் படகு ஒன்றிற்கு நங்கூரம் வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? "கனமானதாகப் பார்த்து வாங்கு" என்பார்கள் பலர். இந்த அறிவுரை பாதிக்குமேல் தவறு என்பது என் கருத்து. ஏன் என்பதைக் காட்ட உங்கள் பள்ளிப் பௌதிகமே போதும்.

முதலில் காற்றின் விசை. காற்றை எதிர்கொள்ளும் பரப்பு பத்து சதுர மீட்டர் எனக் கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அப்படகைச் சுமார் 600 நியூட்டன் விசையுடன் தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை; நான்கு மடங்காகி 2400 நியூட்டனைத் தொடும். அலைகள் கொடுக்கும் வெட்டிழுப்பு இதற்கு மேல்.

இனி, பத்துக் கிலோ கருங்கல் ஒன்றை வடத்தில் கட்டி மணற்பாங்கான கடலடியில் போடுவோம். தரையில் அதன் எடை ஏறக்குறைய 100 நியூட்டன். நீருக்குள் ஆர்க்கிமிடீசு குறுக்கிடுகிறார்! கருங்கல்லின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு, ஆகவே கடல்நீரில் 62 நியூட்டன்தான் மிஞ்சும். சிமெண்டுக் கட்டியானால் இன்னும் குறைவு. மணலில் உராய்வுக் குணகத்தைப் பாதி என்று வைத்தால், அக்கல் தாங்கும் இழுவிசை வெறும் 30 நியூட்டன். 2400 நியூட்டனைத் தாங்க எண்ணூறு கிலோ கல் வேண்டும். படகே மூழ்கிவிடும் அல்லவா?

நல்ல வடிவமுள்ள பத்துக் கிலோ நங்கூரமோ, மணலில் நன்றாகப் புதைந்தபின், தன் எடையைப்போல் இருபது முப்பது மடங்கு விசையைத் தாங்கும். இந்த வலு எங்கிருந்து வந்தது? புதைந்த அலகு நகர வேண்டுமானால் தனக்கு முன்னும் மேலும் உள்ள மணல் முழுவதையும் பெயர்த்துத் தள்ளியாக வேண்டும். கடலடியின் எடையையே நங்கூரம் கடன் வாங்குகிறது என்று சொல்லலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இது எத்தனை கிலோ என்பதன்று. எந்தத் தரையில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் புதையும் என்பதே.

இக்கேள்வியை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கேம்பிரிட்ஜ் பௌதிக அறிஞர் ஜி. ஐ. டெய்லர். பாய்மங்களின் இயக்கம் பற்றிய ஆய்வால் புகழ்பெற்ற இவர், ஓய்வு நேரத்தில் படகோட்டியும் ஆவார். 1933-இல் இவர் வடிவமைத்த நங்கூரம் நம் வயலில் காணும் கொழுவின் இனத்தைச் சேர்ந்தது. கொழு சாயும் கோணத்தைப் பொறுத்தே உழவின் ஆழம் அமையும் என்பதை எந்த உழவரும் அறிவார். இழுக்க இழுக்க மேலெழும்பாமல் உள்ளே இறங்கும் வகையில் டெய்லர் அக்கோணத்தை அமைத்தார். அதன் பெயர் சி.கியூ.ஆர்.; விரைவாகச் சொன்னால், பத்திரமானது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் காதில் விழும். படகு நங்கூரத்துக்காக இவ்வளவு பெரிய மேதை மெனக்கெட்டாரா என்று வியக்காதீர்கள். சிறு படகில் ஓரிருவரே இருப்பர். அவர்களால் தூக்க முடிந்த நங்கூரம்தான் அவர்களுக்குப் பயன்படும்.

அதற்குப் பின் வந்த டான்போர்த் வகைக்கு அகன்ற, தட்டையான இரண்டு அலகுகள். மணலில் அதன் பிடி அபாரம். ஆனால் காற்றுத் திசை திரும்பினால் பிடுங்கிக்கொள்ளக்கூடும். இடையில் கூழாங்கல் சிக்கினால் மறுபடி புதையாது. அண்மைக் காலத்து வடிவங்கள் சில கூரிய முனையும் குழிந்த அலகும் கொண்டவை. தலைகீழாய் விழுந்தாலும் உருண்டு நிமிர, மேலே வில்போன்ற வளையம் இருக்கும். எனக்கு இவ்வகையின் மீதுதான் விருப்பம். எனினும் ஒன்றையே நம்பிக் கிளம்ப மாட்டேன். கோவளத்தில் மணல், முட்டுக்காட்டு உப்பங்கழியிலோ சேறு. பாக் விரிகுடாவில் கடற்புல் வெளிகள் உள்ளன; அங்கே 2022-இல் கடற்பசுக் காப்பகம் அமைந்தது. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள். 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. புல்லிலும் பவளத்திலும் நங்கூரம் சரியாகப் பிடிப்பதும் இல்லை, அங்கே அதைப் போடுவதும் முறையில்லை. வகைக்கு ஒன்றாக இரண்டு நங்கூரங்களை ஏற்றிக்கொள்வதே விவேகம்.

அப்படியானால் எடைக்கு வேலையே இல்லையா? உண்டு. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், வங்கக் கடலில் வானிலை மிதவைகளை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் அவற்றைப் பிடித்திருப்பவை கனத்த எடைகளே. அவற்றை நாள்தோறும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கப்பலும் பாரந்தூக்கியும் உண்டு. உலாப் படகின் நிலை வேறு.

வடத்தையும் மறந்துவிடக் கூடாது. கடையில் நங்கூரத்துக்குக் கணக்குப் பார்க்காதவர்கள்கூட வடத்தில் சிக்கனம் பிடிப்பார்கள்! படகு மேலிருந்து இழுக்கிறது. நங்கூரத்துக்குக் கிடைமட்ட இழுப்பு வேண்டும். ஆழத்தைப்போல் மூன்று மடங்கு வடம் விட்டால், அது விறைக்கும்போது தரையோடு 19 பாகைக் கோணம் உண்டாக்கும். ஏழு மடங்கு விட்டால் 8 பாகைதான். சைன் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் என்பதில் படகு முனையின் உயரத்தையும் ஓதத்தின் ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். நீர் நான்கு மீட்டர், முனை ஒன்று, ஓதம் ஒன்று, ஆக ஆறு. எனவே 42 மீட்டர் வடம். நங்கூரத்தை அடுத்துச் சில மீட்டர் சங்கிலி இருந்தால் அது தரையில் படிந்து கோணத்தைக் குறைக்கும். மீதி நைலான் வடம் நீண்டு சுருங்கி வெட்டிழுப்பை ஏற்கும்.

இவையனைத்தையும் நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். அகன்ற தட்டில் ஈரமணல் நிரப்புங்கள். தகரத்தை மடித்து ஒரு சிறு கொழுவும், அதே எடையில் ஒரு கல்லும் எடுத்துக்கொண்டு, வில்தராசால் முதலில் தரையோடு ஒட்டியும், பின்பு 20, 40 பாகைக் கோணங்களிலும் இழுத்துக் குறியுங்கள். (தகர விளிம்பு கையைக் கிழிக்கும், அரத்தால் தேய்த்துக்கொள்ளவும்.) அடுத்து ஏரிக் களிமண்ணை நிரப்பிப் பாருங்கள். நங்கூரம் விற்போர் எடையைப் பொறித்தால் மட்டும் போதாது, இத்தகைய சோதனை எண்களையும் தரவேண்டும் என்று நான் கேட்பது நியாயம்தானா என்பது அப்போது தெரியும்.

கடலில் இதே சோதனையைப் படகே செய்கிறது. நங்கூரம் போட்டபின் இயந்திரத்தை மெல்லப் பின்னோக்கி ஓட்டி வடத்தை விறைக்க விடுவார்கள். பக்கவாட்டில் கரையை நோக்கி, ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொள்வார்கள். இயந்திரம் உறுமியும் கோடு பிசகவில்லையென்றால் நங்கூரம் புதைந்துவிட்டது. பிசகினால் மேலே இழுத்து, வேறிடம் பார்த்து மறுபடி போட வேண்டும், பொழுது சாய்வதற்குள்.