விறகு அடுக்கத் தெரியாத படிப்பு

போன மாதம் லீவுக்கு வந்த பேரனுக்கு விறகு அடுக்கக் கற்றுக் கொடுத்தேன். அதற்காக என் வீட்டிலேயே எனக்கு ஒரு விசாரணை நடந்தது. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து எத்தனையோ பேருக்கு மெமோ டைப் அடித்தவன் நான். எனக்கே மெமோ வந்தது இப்போதுதான். கொடுத்தவன் என் மகன்.

"அப்பா, அவன் ஆறாவது படிக்கிறான். அவனைப் போய் விறகு தூக்க வைக்கிறீங்களே, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அந்த மெமோவுக்கு எழுத்து மூலமான பதில் இது. அந்த நாலு பேரும் படிக்கட்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. ஏறியது நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சங்கராபரணியில் வெள்ளம். சிங்கவரத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. மறுநாள் சிலிண்டரும் தீர்ந்துபோனது. அந்த வெள்ளத்தில் சிலிண்டர் வண்டி எங்கிருந்து வரும்?

பின்கட்டில் பழைய மண் அடுப்பு இருக்கிறது, விறகும் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். ஆனால் அந்த விறகு ஆடி மாதம் வெட்டியது. வெட்டியவன் சுவரோரம் தரையில் கொட்டிவிட்டுப் போனான். நானும் அப்படியே விட்டுவிட்டேன். கொஞ்சம் கஞ்சி வைப்பதற்குள் வீடு முழுக்கப் புகை. மழைக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. என் மனைவிக்கு இளைப்பு உண்டு. அன்று ராத்திரி அவளுக்கு மூச்சு இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. விடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

இதற்குப் புயலைக் குற்றம் சொல்ல மாட்டேன். குற்றம் என்னுடையது. எனக்கு விறகு காயவைக்கத் தெரியும். கேஸ் வந்துவிட்டது, பென்ஷன் வருகிறது, இனி எதற்கு என்று மறந்த மாதிரி இருந்துவிட்டேன்.

கற்றுக் கொடுத்தவள் என் ஆயா. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லீவு விட்டால் சிங்கவரம் வந்துவிடுவேன். எங்கள் கணக்குப் பாடத்தில் 'ஸ்தேர்' என்று ஓர் அளவு வரும். அடுக்கிய விறகை அளப்பதற்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் வைத்த அளவு அது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால் ஒரு ஸ்தேர். கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சந்தும் அதில் சேர்த்தி. நோட்டில் நூற்றுக்கணக்கான ஸ்தேர் போட்டு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஒரு கட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆயாவிடம் போய் இந்தப் பெருமையைச் சொன்னேன். "காத்துக்கு ஒரு பங்கு வுட்டுத்தான்டா அடுக்கணும். வெள்ளக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு. வா, நீ அடுக்கு பாக்கலாம்" என்றாள். அடுக்கினேன், சரிந்தது. மூன்று முறை சரிந்தது. நாலாவது முறை நின்றது.

அவள் சொன்னது இதுதான். தை, மாசியில் வெட்டு. உருண்டையாக வைக்காதே, பிளந்து வை. பட்டை ஈரத்தை விடாது, பிளந்த பக்கமும் வெட்டுவாயும்தான் விடும். அடியில் கல்லோ பனங்கட்டையோ போட்டு அதன்மேல் அடுக்கு, தரையில் பட்டால் கரையான் தின்னும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கு. இரண்டு ஓரத்திலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளை வைத்தால் அதுவே தூண் மாதிரி நிற்கும். சித்திரை, வைகாசி வெயில் முழுக்கத் தின்னட்டும். புரட்டாசிக்குள் கூரைக்கு அடியில் போய்விட வேண்டும், ஐப்பசி மழை யாருக்கும் காத்திருக்காது. காய்ந்த கட்டை முனையில் வெடித்திருக்கும், கையில் லேசாக இருக்கும், ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டங்' என்று கேட்கும். ஈரக்கட்டை 'தொப்' என்கும். எடுக்கும்போது முதலில் கோலால் தட்டிவிட்டு எடு, உள்ளே தேளோ கட்டுவிரியனோ இருக்கலாம்.

இதில் விஞ்ஞானம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அப்போது வெட்டிய கட்டையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். நன்றாகக் காய்ந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஈரக்கட்டையை அடுப்பில் வைத்தால், நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்ட வேண்டும். சூடு அதிலேயே போய்விடும். சூடு போதாத நெருப்பு கட்டையை முழுதாக எரிக்காது, புகையாகத் துப்பும். கடையில் எடை போட்டு ஈர விறகு வாங்குகிறவர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார். ஆவியாதல், வெப்பம், எடை, கன அளவு எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. என் பேரன் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று கோட்டையின் மூன்று மலைகளையும் ஒப்பிக்கிறான். இரண்டு கட்டையைக் கையில் கொடுத்து எது காய்ந்தது என்று கேட்டால் விழிக்கிறான்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"இது குலக்கல்வி இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் எடுத்துவிட்டார். எடுத்தது சரிதான். அதில் விறகு வெட்டியின் பிள்ளை மட்டும்தான் விறகைத் தொட்டிருக்கும். நான் கேட்பது அதற்கு நேர் எதிர். கலெக்டர் பிள்ளையும் தொடட்டும், கூலிக்காரர் பிள்ளையும் தொடட்டும். முக்கியமாக ஆண் பிள்ளைகள் தொடட்டும். புகையைத் தின்றது இதுவரை யார்? நம் அம்மாக்கள்தானே? 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற பயம்தான் பழைய குலக்கல்வியின் மிச்சம். விறகைத் தொட்டால் கௌரவம் போய்விடும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"புகை கெடுதல், நீங்கள் பின்னால் இழுக்கிறீர்கள்" என்பது இன்னொன்று. புகை கெடுதல் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. கேஸ் இருந்தால் கேஸில் சமையுங்கள். 2016இல் உஜ்வலா திட்டம் வந்தது, நல்லது. ஆனால் சிலிண்டர் வைத்திருக்கிற வீட்டிலும் வெந்நீர் விறகில்தான் காய்கிறது. நெல் அவிப்பதும், கோயில் பொங்கலும், கல்யாணச் சமையலும் எங்கள் பக்கம் இன்னும் விறகில்தான் நடக்கின்றன. நாம் கற்றுக் கொடுக்காததால் விறகு போய்விடவில்லை. காய்ந்த விறகு போய், ஈர விறகு வந்திருக்கிறது. காய்ந்த விறகிலும் புகை உண்டு, ஆனால் ஈர விறகின் புகைக்கு அது எவ்வளவோ குறைவு.

கௌரவம் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நார்வே நம்மைவிடப் பல மடங்கு பணக்கார நாடு. அங்கே லார்ஸ் மிட்டிங் என்ற எழுத்தாளர் விறகை வெட்டுவது, அடுக்குவது, காயவைப்பது பற்றி 2011இல் எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. 2013இல் அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது. பட்டை மேல்பக்கம் இருக்க வேண்டுமா, கீழ்ப்பக்கமா என்று பார்த்தவர்கள் சண்டை போட்டார்கள். யாரும் வெட்கப்படவில்லை.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் கையில் கோடாலியைக் கொடுக்கச் சொல்லவில்லை. பிளந்த கட்டை கொஞ்சம் போதும். ஏரிகளில் வேலிகாத்தானுக்கா பஞ்சம்? பள்ளியில் தை மாதம் ஒருநாள் ஒரு கட்டையை எடை போடட்டும், அடுக்கட்டும். சித்திரையில் மறுபடி எடை போடட்டும். தண்ணீர் எவ்வளவு போனது என்று அவர்களே கணக்குப் போடட்டும். பள்ளி செய்யாவிட்டால் தாத்தாக்கள் நாம் இருக்கிறோமே, நமக்கு வேறு என்ன வேலை?

என் பேரன் அடுக்கியது இரண்டு முறை சரிந்தது, என்னைவிட ஒருமுறை குறைவு. ஊருக்குப் போகும்போது ஒரு கட்டையில் சுண்ணாம்புக்கட்டியால் தேதியும் எடையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். காலாண்டு லீவுக்கு வந்து மறுபடி எடை போட வேண்டுமாம். "நீங்க தொடாதீங்க தாத்தா" என்று உத்தரவு. அதற்குமேல் கூரை போட ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். கூரைச் செலவைத் தருவதாக நேற்று போனில் சொன்னது, மெமோ கொடுத்த என் மகன்.