விவசாயிக்கு எதுக்கு இந்த போன்?

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த சென்னை நண்பர் ஒருத்தர், 14 கிலோமீட்டர் நடந்த களைப்புல நம்ம வீட்டுக்கு வந்து படுத்தார். காலையில காப்பி குடிக்கும்போது அலமாரியில கிடந்த பழைய ட்ரியோ 650 அவர் கண்ணுல பட்டுது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க ஆபீஸ்ல பெரிய மேனேஜருங்க கையில மட்டும் பார்த்த போனாச்சே. விவசாயி உங்களுக்கு எதுக்குங்க இது?"ன்னு சிரிச்சார்.

நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்துல கேட்கலை. ஆனா இந்தக் கேள்வியை நான் 2006-லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். பஸ்ஸுல கேட்டாங்க, கல்யாண வீட்ல கேட்டாங்க. விருந்தாளிகிட்ட வாதம் பண்ண மனசில்லாம அன்னிக்கு சிரிச்சுட்டு விட்டுட்டேன். பதிலை இங்க எழுதறேன்.

ட்ரியோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஐபோன் வர்றதுக்கு முன்னாடியே போனையும் கையடக்க டைரியையும் ஒண்ணா ஆக்கப் பலபேர் முயற்சி பண்ணாங்க. 1994-ல ஐபிஎம் 'சைமன்'னு ஒண்ணு விட்டாங்க. அரைக்கிலோ கனம், சீக்கிரமே கடையை விட்டுப் போயிடுச்சு. 1996-ல ஜெஃப் ஹாக்கின்ஸ் 'பைலட்'டுங்கிற கையடக்க டைரியைக் கொண்டுவந்தார். அதைச் செய்யறதுக்கு முன்னாடி ஒரு மரக்கட்டையை அதே அளவுக்கு வெட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, யாராவது நேரம் கேட்டா அந்தக் கட்டையில எழுதற மாதிரி பாவனை பண்ணிப் பார்த்தாராம். அந்த டைரியோட போனைச் சேர்த்து 2002-ல வந்ததுதான் ட்ரியோ. என்கிட்ட இருக்கற 650 மாடல் 2004 கடைசியில வெளியானது. வெளிநாட்டுல வேலை பார்த்த மச்சான் புதுசு வாங்கினப்போ பழசை என் கையில கொடுத்துட்டுப் போனார்.

அதுல நாலு சாமான்தான் எனக்கு முக்கியம்: தேதி, விலாசம், செய்யவேண்டிய வேலை, குறிப்பு. இப்போ நீங்களே சொல்லுங்க. இந்த நாலும் யாருக்கு அதிகமா வேணும்? பத்து மணிக்கு மீட்டிங், மூணு மணிக்கு மீட்டிங்னு இருக்கற மேனேஜருக்கா? எனக்கா?

மாடு பருவத்துக்கு வந்து சினை ஊசி போட்டா, 21-ம் நாள் திரும்பப் பருவத்துக்கு வருதான்னு பார்க்கணும். தவறவிட்டா இன்னொரு 21 நாள் போச்சு, அத்தனை நாள் பாலும் தள்ளிப் போச்சு. மல்லாட்டைக்கு (உங்க ஊர்ல நிலக்கடலை) 45-ம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும். நாத்து விட்டா 25-ம் நாள் நடவு ஆளுங்க வேணும், அந்த ஆளுங்க அதே நாள் நாலு பேர் வயலுக்கு ஒத்துக்கிட்டிருப்பாங்க. த்ரீ பேஸ் கரண்ட் இந்த வாரம் பகல்ல வரும், அடுத்த வாரம் ராத்திரியில வரும். நகைக்கடன் தவணை, உழவு டிராக்டர், அறுப்புக்குப் பெல்ட் வண்டி. இது எல்லாத்தையும் தலையில தூக்கிக்கிட்டு நடக்கறவன்தான் விவசாயி. அவன் கையில டைரி இருந்தா உங்களுக்கு ஏன் சிரிப்பு வருது?

நகரத்து ஆளுங்க மனசுல ஒரு விவசாயி இருக்கார். கோவணம், ஏரு, வானத்தைப் பார்த்த கண்ணு. காலண்டர் ஃபோட்டோவுக்கு அது சரி. அவர் கணக்குப் பார்க்கற ஆளுன்னு மட்டும் உங்களால நினைக்க முடியறதில்ல. கணக்குப் பார்த்தா உடனே "வியாபாரி மாதிரி ஆயிட்டீங்களே"ன்னு வருத்தப்படறீங்க.

எங்க அப்பாவும் கணக்குப் பார்த்தவர்தான். மாட்டுக்கொட்டகைச் சுவத்துல கரிக்கட்டையால எழுதுவார். எத்தனை மூட்டை போட்டோம், எவ்வளவு முன்பணம் வாங்கினோம், எல்லாம் சுவத்துல. பொங்கலுக்கு வெள்ளையடிச்சா கணக்கும் போச்சு. அப்புறம் மிஞ்சறது வியாபாரியோட நோட்டு மட்டும்தான். அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் சத்தியம்.

ட்ரியோ வந்த ரெண்டாவது வருஷம் ஒரு மல்லாட்டை வியாபாரி எனக்கு ரெண்டு தடவை முன்பணம் கொடுத்ததா சொன்னார். நான் போனை எடுத்துத் தேதி, மூட்டை எண்ணிக்கை, தொகை, அன்னிக்குக் கூட இருந்தவங்க பேரு எல்லாத்தையும் படிச்சேன். ஒரே தடவைதான். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, "ஆமாம்பா, இது வேற ஆளு கணக்கு, மாத்திப் பார்த்துட்டேன்"னார். எட்டாயிரம் ரூபாய். எங்க குடும்பத்துல வியாபாரி நோட்டுக்கு எதிரா இன்னொரு கணக்கு நின்னது அன்னிக்குத்தான் முதல் தடவை.

அந்த போன் மேல எனக்குக் கோபமும் உண்டு. அதுக்குத் தமிழ் தெரியாது. எல்லாத்தையும் இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும். ல, ள, ழ மூணுக்கும் நான் ஒரே எழுத்தைத்தான் போடுவேன். 'நாளைக்கு ஏழு மணி உழவு'ன்னு எழுதி வெச்சதைப் பையன் எடுத்து, "அப்பா, நாளைக்கு யாரை உளவு பார்க்கப் போறீங்க?"ன்னு படிச்சான். ஆடி, ஆவணி தெரியாது, அமாவாசை தெரியாது. பௌர்ணமி அன்னிக்கு எங்க ஊர்ல பஸ் எல்லாம் டவுனுக்கு வெளியிலயே நிக்கும், காய்கறி மூட்டையை அதுக்கு முன்னாடியே உள்ள கொண்டு போயிடணும். தீபத்துக்குப் பத்து நாள் ஊரே மாறிடும், மாட்டுச் சந்தை வேற நடக்கும். தினசரி காலண்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, வருஷத்துப் பௌர்ணமி அத்தனையையும் நானே ஒவ்வொண்ணா ஏத்துவேன்.

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சாங்களே"ன்னு விவரம் தெரிஞ்சவங்க கேட்பீங்க. உண்மைதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் கம்பெனிக்காரங்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர்னு ஒரு கையடக்கக் கணினி செஞ்சாங்க. 2001-ல மாதிரியைக் காட்டினாங்க, 2004-ல பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிச்சு 'அமிடா'ங்கற பேர்ல விற்பனைக்கு வந்துது. ஆரம்ப விலை பத்தாயிரத்துக்கு ஐம்பது ரூபாய் குறைவு. இந்திய மொழி எழுத்தை வாய்விட்டுப் படிச்சுக் காட்டற வசதி அதுக்காகவே உருவாக்கினாங்க. அந்த மூளைக்கு நான் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா வித்தது சில ஆயிரம்தான்.

ஏன்? அது போனா இல்லங்கறது ஒரு காரணம். விலை இன்னொண்ணு. எனக்கு உறுத்தறது மூணாவது. கிராமத்துல ஒரு பெட்டியைப் பலபேர் பகிர்ந்துக்கணும், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வெச்சுக்கிட்டு, தன் முறை வரும்போது செருகிப் பார்க்கணும்னு யோசிச்சிருந்தாங்க. ஏழைங்க ஆச்சே, பகிர்ந்துக்குவாங்கங்கற நினைப்பு. ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்துதான்னு பார்க்கப் போறவன், பஞ்சாயத்து ஆபீஸ்ல பூட்டி வெச்ச பெட்டியை வெச்சு என்ன பண்ணுவான்? என் கடன் கணக்கை ஊர்ப் பெட்டியில நான் ஏன் எழுதணும்? நீங்க உங்க டைரியைப் பக்கத்து வீட்டுக்காரரோட பகிர்ந்துக்கறீங்களா?

அதே காலத்துல நோக்கியா 1100 வந்துது. அது எங்களுக்கு உதவி பண்ண வரலை, விக்க வந்துது. மண்ணு தூசி உள்ள போகாத பட்டன், தலையில ஒரு டார்ச் லைட். அந்த டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போகாத விவசாயி எங்க பக்கத்துல இல்லை. அவனவன் காசு, அவனவன் போன், அவனவன் பையில. எங்களை 'பயனாளி'யா நினைச்சுச் செஞ்ச பொருள் படுத்துடுச்சு. வாங்கறவனா நினைச்சுச் செஞ்சது ஊரையே பிடிச்சுது.

இப்போ எல்லார் கையிலயும் ஸ்மார்ட்போன் இருக்கு, தமிழ் இருக்கு. 2018-லேர்ந்து அரசாங்கத்தோட உழவன் செயலி இருக்கு, சந்தை விலையை அதுல பார்க்கறேன், நல்லதுதான். ஆனா தனியார் செயலி ஒண்ணுல ஆசைப்பட்டு வரவு செலவை ஏத்தினேன். இடம் கேட்டுச்சு, போன்ல இருக்கற நம்பரெல்லாம் கேட்டுச்சு, கொடுத்தேன். கொஞ்ச நாள்ல கடன் வேணுமான்னு ஒரே போன். அடுத்த வருஷம் அந்தச் செயலியே இல்லை. ஏத்தின கணக்கு எங்க போச்சுன்னு கேட்க ஆளும் இல்லை. சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரிதான். ஒரே வித்தியாசம், அப்பா கணக்கு அழிஞ்சப்போ அது யார்கிட்டயும் போகலை.

அதனால தொழில்நுட்பம் தெரிஞ்ச நகரத்துத் தம்பிங்களே, கிராமத்துக்குன்னு எதையாவது செய்யணும்னு தோணினா முதல்ல ரெண்டு கேள்வி கேட்டுக்குங்க. இதை உங்க பையில வெச்சுக்குவீங்களா? இதுல எழுதற கணக்கு, கம்பெனி மூடினாலும் எழுதினவன் கையில நிக்குமா? ரெண்டுக்கும் ஆமான்னு பதில் வந்தா கொண்டு வாங்க, காசு கொடுத்தே வாங்கிக்கறோம்.

நண்பர் கிளம்பின பிறகு ட்ரியோவுக்கு சார்ஜ் போட்டேன். சிம் இல்லை, பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்கலை. ஆனா அந்த எட்டாயிரம் ரூபாய்க் கணக்கு, தேதியோட, இங்கிலீஷ் எழுத்துல, எழுதின மாதிரியே இருக்கு.