முகவரி யாருக்குச் சொந்தம்?

வீடு மாறுகிறார் ஒருவர். கட்டிலை வண்டியில் ஏற்றுகிறார், பெட்டியை ஏற்றுகிறார், பானை சட்டியை ஏற்றுகிறார். போகிற வழியிலே அஞ்சலகத்தில் நின்று, “இனி எனக்கு வரும் கடிதங்களை இந்தப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள்” என்று எழுதிக் கொடுக்கிறார். அஞ்சல்காரர் திருப்பி அனுப்புகிறார். பழைய வீட்டுக்காரரின் சம்மதம் எங்கே என்று அஞ்சலகம் கேட்பதுண்டா? கேட்பதில்லை! வீடு வாடகை வீடாக இருக்கலாம். வருகிற கடிதம் குடியிருந்தவருக்குச் சொந்தம்!

இது காகிதக் கடிதத்தின் கதை. மின்னஞ்சலின் கதை என்ன?

நமது நண்பர் ஒருவர், பள்ளி ஆசிரியர். பதினைந்து ஆண்டுகளாக ஒரே மின்னஞ்சல் முகவரி. இலவசம் என்றார்கள், சேர்ந்தார். பெட்டி நிறைந்தது. “பணம் கட்டுக, இல்லையேல் புதிய கடிதம் வராது” என்று அறிவிப்பு வந்தது. வேறு நிறுவனத்திலே கணக்குத் தொடங்கினார். உறவினருக்குச் சொன்னார், நண்பருக்குச் சொன்னார், பள்ளிக்குச் சொன்னார். ஆயுள் காப்பீட்டு அலுவலகத்துக்குச் சொல்ல மறந்தார். தவணை நினைவூட்டல் பழைய பெட்டிக்குப் போயிற்று, பார்க்க ஆளில்லை. பாலிசி காலாவதி ஆயிற்று!

மறந்தது அவர் குற்றம் என்பார்கள். இருக்கட்டும். நாம் கேட்பது வேறு. வீடு மாறியவருக்குக் கிடைக்கிற உதவி, மின்னஞ்சல் மாறியவருக்கு ஏன் உரிமையாகக் கிடைக்கவில்லை?

1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், பெயருக்கும் இடத்துக்கும் நடுவே ‘@’ என்ற குறியை வைத்தார். குறிக்கு முன்னே இருப்பது ஆளின் பெயர். பின்னே இருப்பது பெட்டி இருக்கும் இடம். கடிதம் ஓடுகிற பாதைக்கு 1982இல் பொது விதி வகுத்தார்கள். எந்த நிறுவனத்துக் கணக்கிலிருந்தும் எந்த நிறுவனத்துக் கணக்குக்கும் கடிதம் போகும். பாதை பொதுப்பாதை! ஆனால் வாசற்கதவோ தனியார் கதவு! குறிக்கு முன்னே நமது பெயர்; குறிக்குப் பின்னே அவர்களது பெயர். குடியிருப்பவர் நாம், பட்டா அவர்களிடம்!

பட்டா வைத்திருப்பவர் என்ன செய்யலாம் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2013இல் யாகூ நிறுவனம், ஓராண்டு பயன்படுத்தப்படாத கணக்குகளின் பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. புதியவர் சிலருக்குப் பழையவரின் சொந்தக் கடிதங்கள் வந்து விழுந்தன. இது சிறிய செய்தி அல்ல. கடவுச்சொல் மறந்தால், மாற்றுச்சொல் வேண்டி நாம் கைநீட்டுவது மின்னஞ்சலிடம் அல்லவா? பழைய முகவரி ஒருவர் கைக்குப் போனால், பல கதவுகளின் சாவி அவர் கைக்குப் போகக்கூடும்! பழைய கணக்குக்கு வரும் கடிதங்களைத் தானாகத் திருப்பி அனுப்பும் வசதியை, 2021 சனவரி 1 முதல் அதே நிறுவனம் இலவசக் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டது. இரண்டாண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்று 2023இல் கூகுளும் விதி வகுத்தது. சலுகையாகக் கொடுத்ததைச் சலுகையாகவே எடுத்துக்கொண்டார்கள். கேட்க நமக்கு வாயுண்டு, சட்டம் உண்டா?

தொலைபேசியை எண்ணிப் பாருங்கள். நிறுவனம் மாறினால் எண்ணும் மாறும் என்றிருந்த காலம் உண்டு. எண் போனால் வியாபாரம் போகும் என்று அஞ்சி, பிடிக்காத நிறுவனத்திலேயே காலம் தள்ளியவர் ஏராளம். பிறகு என்ன நடந்தது? பலமுறை தள்ளிப்போட்டு, 2010 நவம்பர் 25 அன்று அரியானாவிலே தொடங்கி, 2011 சனவரி 20 அன்று நாடெங்கும் வந்தது, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை. அப்போது கட்டணம் 19 ரூபாய்! வானம் இடிந்து விழவில்லை. வாடிக்கையாளர் எழுந்து போகலாம் என்று தெரிந்ததும், நிறுவனத்தார் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசக் கற்றுக்கொண்டார்கள்!

“தொலைபேசி எண்ணிலே நிறுவனத்தின் பெயர் இல்லை, மின்னஞ்சல் முகவரியிலே இருக்கிறது. அதை எப்படி எடுத்துப் போவது?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. முகவரியைப் பெயர்த்துக் கொடு என்று நாம் கேட்கவில்லை. வருகிற கடிதத்தைத் திருப்பி அனுப்பு என்றுதான் கேட்கிறோம்! பிரான்சு நாட்டிலே, இணைய இணைப்பு தரும் நிறுவனத்தைவிட்டு வாடிக்கையாளர் விலகினாலும், அது கொடுத்த மின்னஞ்சலை 6 மாதம் இலவசமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

நமது அரசு அறியாததா இது? 12 லட்சம் மத்திய அரசு ஊழியரின் மின்னஞ்சல், தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோகோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியது என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தது. பெட்டி மாறியது, முகவரி மாறிற்றா? இல்லை! குறிக்குப் பின்னே அரசின் சொந்தப் பெயர் இருக்கிறது; அதனால் நிறுவனம் மாறினாலும் கடிதம் வழி தவறவில்லை. அரசுக்குக் கிடைக்கிற அந்த நிம்மதி ஆசிரியருக்கு வேண்டாமா? நெசவாளருக்கு வேண்டாமா? வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நேர்முகக் கடிதத்துக்குக் காத்திருக்கும் இளைஞருக்கு வேண்டாமா?

2019இல் நாடாளுமன்றத்தில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவிலே, நமது தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2022இல் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023இல் சட்டம் வந்தது. அந்த உரிமை வரவில்லை! ஐரோப்பிய மக்களுக்கோ 2018 மே 25 முதல் அது நடைமுறை உரிமை. இலையைப் போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். சோறு மட்டும் வரவில்லை!

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? வேண்டாம். மாற நினைப்பவர் மாறலாம். முறையோடு மாற வேண்டும். முதலில் புதிய கணக்கைத் திறக்க வேண்டும். பழையதை மூடக் கூடாது. ஐமேப் என்ற பொது முறை 1986லேயே பிறந்தது. அதன் வழியே பழைய பெட்டியின் கடிதங்களைப் புதிய பெட்டிக்கு நகலெடுக்கலாம். கூகுள் 2013 முதல் முழுப் பெட்டியையும் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. தொடர்புகளின் பட்டியலைத் தனியே எடுக்க வேண்டும். திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் அதை இயக்கிவிட வேண்டும். பிறகு ஒரு தாளை எடுத்து வங்கி, காப்பீடு, வருமான வரி, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக முகவரியை மாற்றி, ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை வருகிற கடிதமும் உண்டு. ஆகவே ஓராண்டாவது பழைய பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். நமது நண்பர் தவறியது இந்த இடத்தில்தான்!

வசதியுள்ளவர்கள், ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் சொந்த இணையப் பெயரைப் பதிந்து, அரசு செய்தது போலவே செய்யலாம். ஆனால் அதுவும் ஆண்டுக் குத்தகைதான். தவணை தவறினால் பெயர் மற்றவருக்குப் போகும். எல்லோராலும் இயலாது. சிலருக்கு வழி இருப்பதால் பலருக்கு உரிமை வேண்டாம் என்று ஆகிவிடாது!

நமது கோரிக்கை மூன்றே மூன்று. விலகிப் போகிறவரின் கடிதத்தை ஓராண்டு கட்டணமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் பெயரை மற்றொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பெட்டியிலுள்ள அனைத்தையும் எடுத்துச் செல்வது சட்ட உரிமையாக வேண்டும்.

அஞ்சல்காரர் சைக்கிளில் வந்து செய்த வேலை இது! கோடிக்கணக்கில் கணினிகளை அடுக்கி வைத்திருப்பவரால் முடியாதாம்! முடியும். எண்ணை எடுத்துப்போகும் உரிமையும் முடியாது என்று சொல்லப்பட்டு, முடிந்து காட்டியதுதான். கேட்டோம், கிடைத்தது. இதையும் கேட்போம்!