உறையின் முன்பக்கத்தை நம்புவதற்கு முன்

சில மாதங்களுக்கு முன் எங்கள் உணவியல் ஆலோசனை அறைக்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். கணவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை முந்தைய அளவைவிட ஏறியிருந்தது. வீட்டில் இனிப்பே வாங்குவதில்லை என்று உறுதியாகக் கூறியவர், பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து மேசைமீது வைத்தார். அதன் முன்பக்கத்தில் 'சர்க்கரை அற்றது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று கணவர் அதைத்தான் உண்டு வந்திருக்கிறார்.

"சர்க்கரையே இல்லைன்னு போட்டிருக்கே அம்மா, அது பொய்யா?" என்று கேட்டார்.

பொய்யன்று, சிக்கலே அதுதான். நூறு கிராம் உணவில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மிகாமல் இருந்தால் 'சர்க்கரை அற்றது' என்று எழுத நம் நாட்டு விதிகள் இடமளிக்கின்றன. அந்தப் பொட்டலம் விதியை மீறவில்லை. ஆனால் அதன் பின்பக்கத்தில் சேர்பொருள் பட்டியலின் முதற்சொல் மைதா. சேர்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி; ஆகவே அந்தப் பிஸ்கட்டில் வேறெதையும்விட மிகுதியாக இருப்பது மைதாவே. அதன் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேரும். முன்பக்கம் சொன்னது மெய். அந்த வீடு அதிலிருந்து புரிந்துகொண்டது தவறு.

இந்நிகழ்ச்சிக்குப் பின் என் கருத்து ஒன்று உறுதிப்பட்டது. 'இப்பொருள் அசலா, போலியா?' என்று மட்டும் கேட்பது நோயாளியைக் காக்காது. 'இந்த வாசகம் பொய்யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு? அது பொய்யானால், அல்லது மெய்யாக இருந்தும் என்னை மயக்கினால், என் உடலுக்கு என்ன நேரும்?' என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதற்கேள்வி மோசடியின் வாய்ப்பை அளக்கிறது. இரண்டாவது அதன் விளைவை அளக்கிறது.

வாய்ப்பை எவ்வாறு மதிப்பிடுவது? முதலில், அந்த வாசகத்தை நம் கண்ணாலும் நாவாலும் சோதிக்க இயலுமா என்று பாருங்கள். 'மொறுமொறுப்பானது' என்பதைக் கடித்தால் அறியலாம். 'தூய தேன்' என்பதை அவ்வாறு அறிய இயலாது. 2020ஆம் ஆண்டு அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற தில்லி அமைப்பு 22 தேன் மாதிரிகளைச் சோதித்தபோது, அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை உட்பட அனைத்திலும் தேறியவை 5 மட்டுமே என்று அறிவித்தது. நிறுவனங்கள் அதனை மறுத்தன. அந்த வழக்காடலில் யார் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு: ஆய்வுக்கூடங்களே வாதிடும் ஒரு செய்தியை, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனை தீர்த்துவைக்காது.

அடுத்து, அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு கூடுதல் விலை தருகிறீர்கள் என்று பாருங்கள். 'இயற்கை வேளாண்மையில் விளைந்தது', 'செக்கில் ஆட்டியது', 'நாட்டுப் பசுவின் நெய்' ஆகியவற்றுக்கு இரு மடங்கு விலை கிடைக்குமெனில், அச்சொல்லை மட்டும் அச்சிட்டு இலாபம் காணும் ஆசையும் அதே அளவுக்கு வளரும். அத்தகைய சொற்களை நேர்மையாக எழுதுவோர் பலர் உண்டு. ஆயினும் விலை ஏற ஏற, சான்று கேட்கும் உரிமையும் ஏறுகிறது.

மூன்றாவதாக, அந்த வாசகம் ஓர் எண்ணைச் சார்ந்ததெனில், அவ்வெண்ணை எவ்வாறு அளக்கிறார்கள் என்று அறிந்திருப்பது நன்று. 2008இல் சீனாவில் நிகழ்ந்ததை மருத்துவ உலகம் மறக்கவில்லை. பாலில் நீர் கலந்தனர். பாலின் புரதத்தை நேரே அளக்காமல் நைட்ரஜன் அளவைக்கொண்டு கணக்கிடுவதே வழக்கம் என்பதால், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்துக் குறையை மறைத்தனர். சோதனையில் எண் சரியாகவே வந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். சிறுநீரகக் கோளாறால் ஆறு குழந்தைகள் உயிரிழந்தனர். அறுவை சிகிச்சைக்குப் பின் புரதமாவு வாங்கும் குடும்பங்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைச் சேர்த்து இதே கணக்கீட்டை ஏய்க்கும் முறை அத்துறையிலும் உண்டு. புரதமாவு தேவையா, எது, எவ்வளவு என்பதை விளம்பரத்திடம் கேளாமல் உங்கள் மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ கேளுங்கள்.

இனி விளைவுக்கு வருவோம். 'சோடியம் குறைந்தது' என்று விற்கப்படும் உப்பு பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. சோடியம் குளோரைடில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். இரத்தக்கொதிப்பு உள்ள பலருக்கு அது நன்மை தரக்கூடும். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலால் மிகைப் பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாது. அது இதயத்துடிப்பையே குலைக்கும். இத்தகைய உப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட பரிந்துரையும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றே சொல்கிறது. ஒரே வீட்டில் மாமனாருக்கு மருந்தாவது மாமியாருக்கு நஞ்சாகலாம். மோசடி எதுவுமின்றியே உயிருக்கு இடர் விளையும் இடம் இது.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் கதை இன்னும் வருந்தத்தக்கது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸும், 2.6 கிராம் சோடியம் குளோரைடும், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும், 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டும் இருக்க வேண்டும். சர்க்கரை இதனினும் மிகுந்தால் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். அப்படியிருந்தும், சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் தம் வணிகப் பெயரிலேயே 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைத் தாங்கி விற்பனையாயின. 'இது அந்தக் கரைசல் அன்று' என்ற குறிப்பை அச்சிட்டால் போதும் என்று 2022இல் அனுமதியும் தரப்பட்டது. பெயர் ஒன்று சொல்ல, குறிப்பு அதனை மறுத்தது. நள்ளிரவில் மருந்துக்கடைக்கு ஓடும் தாய் எதைப் படிப்பார்? குழந்தை மருத்துவர் ஒருவரின் பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, உறையிட்ட பொருள் அனைத்தும் தீது, உதிரியாக வாங்குவதே தூயது என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. 1998இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையெண்ணெய் கலந்ததால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உறையற்ற பொருளில் பொய் வாசகம் இராது. ஆனால் கேள்வி கேட்பதற்கு முகவரியும் இராது. உறையில் உள்ள 14 இலக்க உரிம எண், தொகுப்பு எண், உற்பத்தி நாள் ஆகியவை நமக்குக் கிடைத்த பிடிமானங்கள். மேலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கும் உரிமையை நுகர்வோருக்கு அளிக்கிறது. சோதிக்கப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஆயினும், இச்சுமை முழுவதையும் நோயாளியின் தோளில் ஏற்றுவது அறமாகாது. மூக்குக்கண்ணாடியோடும் முயன்று படிக்க வேண்டிய பொடி எழுத்தைப் படிக்காதது முதியவரின் குற்றமன்று. தவறான விளம்பரத்திற்குச் சட்டம் விதிக்கும் தண்டம் பத்து இலட்சம் ரூபாய் வரை; நாடெங்கும் விற்கும் பெருநிறுவனத்திற்கு அது ஒரு நாள் விளம்பரச் செலவாகக்கூட இராது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொருள்களின் முன்பக்கத்திலேயே கருநிற எச்சரிக்கை இட வேண்டும் என்று சிலி நாடு 2016இல் நடைமுறைப்படுத்தியது. நமக்கும் அதுவே வேண்டும். மருத்துவமனை வளாகத்துக் கடைகளும் இதற்கு விலக்கல்ல. வார்டில் நாங்கள் தவிர்க்கச் சொல்லும் பானத்தை வாயிலில் விற்பது எங்கள் சொல்லையே பொய்யாக்கும்.

அது நிறைவேறும் வரை ஒரு சிறு பழக்கத்தை வேண்டுகிறேன். பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள் பட்டியலின் முதல் மூன்று பெயர்களையும், நூறு கிராமுக்கு எவ்வளவு மாவுச்சத்து, சர்க்கரை, சோடியம் என்பதையும் படியுங்கள். புரியாவிட்டால் வெட்கப்பட வேண்டா. அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது மருந்துச்சீட்டுடன் அப்பொட்டலத்தையும் கொண்டுவாருங்கள். அந்த அம்மையார் இப்போது அவ்வாறே வருகிறார். பிஸ்கட்டுக்கு மாறாக மாலையில் ஒரு கைப்பிடி சுண்டல் என்று கணவரும் இசைந்திருக்கிறார்.