நாட்டாமைக்கு அங்கே வேலையில்லை

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரப்புத் தகராறில் மண்டை உடைந்தும் ஆட்கள் வருகிறார்கள். உள்ளே தையல் போட்டு முடிப்பதற்குள் வெளியே டீக்கடையில் பேச்சு தொடங்கிவிடும்: "கோர்ட்டுக்குப் போனா பேரன் காலத்துலதான் முடியும். பெரிய மனுசன் யாராவது உக்காந்து, ஒரு அதட்டு அதட்டி ராசி பண்ணி வுடணும்."

முதல் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதட்டலைத்தான் ஏற்க முடியவில்லை. நாலு பேர் பயப்படுகிற ஆள்தான் சமரசம் பேசத் தகுந்தவர் என்று நாம் தலைமுறை தலைமுறையாக நம்பிவருகிறோம். 1994இல் வந்த 'நாட்டாமை' படம் அந்த நம்பிக்கைக்கு மாலை போட்டது.

அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரிக்கும் பஞ்சாயத்தை நினைத்துப் பாருங்கள். கூடப்பிறந்தவள் ஓரமாக நிற்பாள். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, கையெழுத்தப் போடும்மா" என்பார் பெரியவர். அவளும் போடுவாள். மகளுக்கும் குடும்பச் சொத்தில் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்துவிட்டது. ஊர் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்ந்த வழக்கு என்கிறது. அவளுக்கு அது பறிபோன நிலம். அதட்டுகிற குரலுக்கு எப்போதும் இளைத்தவர்தான் பணிகிறார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரச மையம் தொடங்கியபோது வந்த முறை வேறு. அங்கே சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்பார். பங்கு கேட்டு வந்தவர் மனதில், அப்பன் சாவுக்கு வராத தம்பியின் மேலுள்ள ஆறாத கோபம் இருக்கலாம். அது வெளியே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சொன்னது வெளியே போகக் கூடாது, தீர்வைத் திணிக்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. கையில் அதிகாரமில்லாமல் இரண்டு தரப்பையும் நம்பவைப்பது அதட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். தலைமைப் பண்பு என்று அதைத்தான் சொல்வேன்.

எதைப் பேரம் பேசக் கூடாது என்று சொல்லும் துணிவும் அதில் சேரும். முண்டியம்பாக்கம் இருக்கும் அதே மாவட்டத்து மேல்பாதி கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் போவதைப் பற்றிச் சுற்றுச் சுற்றாக அமைதிப் பேச்சு நடந்தது. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் முடித்துவைத்த கேள்வி அது. பேச்சு முறிந்து, 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். பட்டியல் சாதியினர் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று.