அஞ்சு குதிரை எதுக்கு சாமி?

வீட்டு ட்ரெட்மில் விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுற '5 ஹெச்.பி.'யை அப்படியே நம்பாதீங்க மக்களே. பக்கத்திலேயே பொடியாக 'பீக்' என்று இருக்கும். ஒரு ஹெச்.பி. 746 வாட்ஸ், அஞ்சுக்கு 3730. நம்ம வீட்டு 16 ஆம்பியர் ப்ளக்கே 230 வோல்ட்டில் 3680 வாட்ஸுக்குத்தான் ஆனது! (இஞ்சினியரிங் படிச்சது இதுக்காவது உதவுதே.) 'கன்டினியூவஸ்' எவ்வளவுன்னு கேளுங்க. நடக்க மட்டும்னா 2 போதும்.

எங்கப்பாவுக்கு 62 வயசு, சர்க்கரை வேற. அவருக்காகப் பார்த்த 45 ஆயிரம் ரூபாய் மாடலில் சேஃப்டி கீயைப் பிடுங்கினேன். பெல்ட் அதுபாட்டுக்கு ஓடுது! "டிஸ்ப்ளே பீஸ் சார்" என்கிறார் கடைக்காரர். அதையும் கைப்பிடி நீளத்தையும் பாக்காம ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பார்த்து மயங்கினா எப்படி? பாட்டு கேக்க அப்பாகிட்ட ரேடியோ இருக்கு.