இடுப்பு மூட்டு வலியும் உடற்பயிற்சியும்

இடுப்பு மூட்டு தேய்ந்து வலி கண்டவுடன், நடந்தால் இன்னும் தேயுமென அஞ்சி, கட்டிலே கதியெனக் கிடக்கும் பெரியோர் பலர். இவ்வச்சமே அவர்களை முடக்கிவிடுகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது பரவும் மூட்டு நீரே அதற்கு ஊட்டமளிக்கிறது. அசையா மூட்டு இறுகும். அதனைத் தாங்கும் தசைகளும் மெலியும்.

வலிக்குக் காரணம் தேய்மானமே என மருத்துவர் உறுதி செய்தபின், எளிய பயிற்சிகளைத் தொடங்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணியபின் இறக்குக. அடுத்து, நாற்காலியின் முதுகைப் பற்றி நின்று, காலைப் பக்கவாட்டில் உயர்த்தி இறக்குக. முதலில் 5 முறை போதும். நாளடைவில் 10 ஆக்கலாம். சமதரையில் நாள்தோறும் சிறிது நடப்பதும் நன்று. கைத்தடியை வலியுள்ள பக்கத்திற்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் மூட்டின் சுமை குறையும்.

பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பே. மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைத்துக்கொள்க. விழுந்தபின் தோன்றிய வலியையும், காய்ச்சலோடு கூடிய வலியையும் உடனே மருத்துவரிடம் காட்டுக.

இல்லத்தோரே, "பேசாமல் படுத்திருங்கள்" என்று பெரியோரைத் தடுப்பதினும், மாலையில் அவர்களோடு பத்து நிமிடம் நடப்பதே மேலான பணிவிடையாகும்.